எதிர்க்கடையும் அவர்கள் கடைதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெரிய நிறுவனம் ஒன்று சூப்பர் மார்க்கெட்டுகளை வாங்கினால் செய்தி வணிகப் பக்கத்தில் நான்கு வரியில் முடிந்துவிடுகிறது. இத்தனை கோடி, இத்தனை கடை, அவ்வளவுதான். அங்கே மாதச் சாமான் வாங்குகிற எனக்குத் தெரிய வேண்டியது வேறு. எங்கள் ஊரில் இனி எத்தனை முதலாளி?

நான் இருப்பது கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன டவுன். பஸ் ஸ்டாண்ட் சாலையில் எதிரெதிரே இரண்டு சூப்பர் மார்க்கெட். ஒரு கடை வாசல் போர்டில் சாக்பீஸால் துவரம் பருப்பு விலையை எழுதி வைத்தால், எதிர்க்கடைப் பையன் சாலையைத் தாண்டி வந்து போனில் படம் பிடித்துக்கொண்டு போவான், மதியத்துக்குள் அங்கே இரண்டு ரூபாய் இறங்கியிருக்கும். பிறகு ஒரு கடைக்காரர் மற்றதை வாங்கிவிட்டார். பெயர்ப்பலகைகூட மாறவில்லை. இப்போது இரண்டிலும் ஒரே விலை, அந்த போர்டு துடைப்பக்கட்டுக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது. இரண்டு கடைக்கும் வடகம் வற்றல் போடுகிற ஓர் அம்மாவுக்கு இன்னும் கஷ்டம். முன்பு ஒருவர் பணத்தை இழுத்தடித்தால் "சரி, எதிர்க்கடைக்கே போட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வரலாம், இப்போது எந்த எதிர்க்கடை?

இவ்வளவு சின்ன விஷயத்தைப் பார்க்க தில்லியிலிருந்து யாரும் வர மாட்டார்கள், வரவும் வேண்டாம். ஆனால் பெரிய பேரங்களிலும் இந்தக் கேள்வி எழுவதில்லை என்பதுதான் என் வருத்தம். ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போது போட்டி குறைகிறதா என்று பார்க்க வேண்டியது இந்தியப் போட்டி ஆணையம், அதன் அளவுகோல் கோடிக்கணக்குதான். வாங்கப்படும் நிறுவனத்தின் சொத்து இந்தியாவில் 450 கோடி ரூபாய்க்குள் இருந்தாலோ, விற்றுமுதல் 1,250 கோடிக்குள் இருந்தாலோ பொதுவாக ஆணையத்தின் அனுமதி கேட்க வேண்டியதில்லை (2024 வரை இது 350, 1,000 என்று இருந்தது). 2024 செப்டம்பரிலிருந்து, பேரமே 2,000 கோடியைத் தாண்டினால் மட்டும் கணக்கு வேறு. அதற்கு முன்பே, மொத்த விற்பனைக் கடைகள் நடத்திய மெட்ரோ கேஷ் அண்ட் கேரியை ரிலையன்ஸ் 2,850 கோடிக்கு வாங்கியபோது விஷயம் ஆணையத்துக்குப் போய் 2023 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. 2020இல் கோவையின் கண்ணன் டிபார்ட்மென்டல் ஸ்டோரை, கொங்கு வட்டாரத்துக் கடைகளோடு, அதே ரிலையன்ஸ் வாங்கியது சுமார் 152 கோடிக்கு. இந்த அளவிலான பேரங்களெல்லாம் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். அதில் தவறு நடந்தது என்று சொல்ல வரவில்லை, சட்டப்படிதான் எல்லாம். ஆனால் ஒரு வட்டாரத்துக்கே பழக்கமான கடைகள் கைமாறும்போது எந்த ஊரில் யாருக்குப் போட்டி குறைகிறது என்று எண்ணிப் பார்க்கிற வேலையை அந்தச் சட்டம் யாருக்கும் கொடுக்கவில்லை.

பிரிட்டனில் எண்ணுகிறார்கள். செயின்ஸ்பரிஸ், ஆஸ்டா என்ற இரண்டு பெரிய சூப்பர் மார்க்கெட் சங்கிலிகள் இணையப் பார்த்தபோது அங்குள்ள போட்டி ஆணையம் ஊர் ஊராக, கடைக்குக் கடை தூரத்தையும் பக்கத்தில் வேறு என்ன கடை இருக்கிறது என்பதையும் கணக்குப் போட்டு, 537 இடங்களில் மளிகை வாங்குகிறவர்களுக்குப் பாதிப்பு என்று கண்டு, 2019 ஏப்ரலில் இணைப்பையே தடுத்துவிட்டது. பால் பாக்கெட்டுக்கும் புளிக்கும் யாரும் இருபது கிலோமீட்டர் போக மாட்டார்கள் என்ற சாதாரண விஷயம்தான் அடிப்படை. 2022இல் மோரிசன்ஸ் என்ற இன்னொரு சூப்பர் மார்க்கெட் சங்கிலி, மெக்கால்ஸ் என்ற சின்னக் கடைச் சங்கிலியின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளை வாங்கியபோது முழுவதையும் தடுக்கவில்லை, 28 கடைகளை மட்டும் வேறு யாருக்காவது விற்றுவிடு என்றார்கள். ஆயிரத்தில் 28! அத்தனை பொறுமையாகப் பார்த்திருக்கிறார்கள்.

விற்கச் சொன்னால் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. 2015இல் ஆல்பர்ட்சன்ஸ் என்ற சூப்பர் மார்க்கெட் சங்கிலி, சேஃப்வே என்ற இன்னொன்றை வாங்கியபோது 168 கடைகளை விற்க உத்தரவு. வெறும் 18 கடை வைத்திருந்த ஹாகன் என்ற சின்னச் சங்கிலி அதில் 146ஐ வாங்கியது, அந்த வருஷம் செப்டம்பரிலேயே திவால் மனு போட்டது. கடைசியில் ஆல்பர்ட்சன்ஸே அவற்றில் சிலவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டது, கூத்துதான். அப்புறம் குரோகர் என்ற பெரிய சங்கிலி, ஆல்பர்ட்சன்ஸை வாங்க வந்து 579 கடைகளை வேறொருவருக்குத் தருகிறேன் என்றபோது நீதிமன்றம் நம்பவில்லை. 2024 டிசம்பரில் அந்த இணைப்புக்குத் தடை விழுந்தது.

இங்கேதான் தெருவுக்குத் தெரு அண்ணாச்சி கடை இருக்கிறதே, பிரிட்டன் கதை நமக்கு எதற்கு என்று கேட்பார்கள். பாதி நியாயம். இன்னும் மளிகையில் பெரும்பகுதி அண்ணாச்சிகளிடம்தான், அவசரத்துக்கு நானும் அங்கேதான் ஓடுகிறேன், கடனும் அங்கேதான். ஆனால் கம்பெனியிடம் லாரிக்கணக்கில் எடுக்கிறவருக்குக் கிடைக்கும் விலை, ஏஜென்சியிடம் பெட்டிக்கணக்கில் எடுக்கிற அண்ணாச்சிக்குக் கிடைக்காது. எங்கள் சாலையில் அந்தப் பருப்பு விலையை இறக்கியது அண்ணாச்சி இல்லை, எதிர்க்கடைதான்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து கடைக்கு மேல் உள்ள மளிகைச் சங்கிலி எதுவானாலும், விலை எத்தனை கோடியானாலும், விற்கும் முன் எந்தெந்த ஊரில் விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் கடை இருக்கிறது என்ற பட்டியலை ஆணையத்திடம் கொடுக்கட்டும். பிரச்சினை உள்ள ஊரை மட்டும் அவர்கள் பார்த்தால் போதும். அந்த ஊர்க் கடை வாசலில், கருத்துச் சொல்ல ஒரு மாதம் இருக்கிறது என்று தமிழில் எழுதி வைக்கட்டும். போர்டு வேண்டுமென்றால் எங்கள் ஊரில் ஒன்று சும்மாதான் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர் மாவட்டம்