புளோரிடா குளக்கரையில் என்னைக் காத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். மகன் வீட்டில் மூன்று மாதம் தங்குவதற்காகக் காரைக்குடியிலிருந்து புளோரிடா வந்திருந்த என்னை முதலையிடமிருந்து காத்த உங்கள் அனைவருக்கும் ஊர் திரும்பியபின் இம்மடலை எழுதுகிறேன். மகன் இதை உங்கள் மொழியில் சொல்லுவான். நம்மவர்களும் படிக்க வேண்டும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் கோடையில் நீர் வற்றும்போது ஊர்கூடி மீன்பிடித் திருவிழா நடத்துவோம். ஊத்தா என்னும் அடியில்லாத மீன்பிடிக் கூடையோடு இடுப்பளவு நீரில் இறங்கி, பிடித்த விராலையும் கெளுத்தியையும் இடுப்பில் கட்டிய பையில் போட்டுக்கொண்டே நடப்போம். மீனைக் கரையிலேயே அலசிக் கழிவை நீரில் எறிவதும் உண்டு. கெளுத்தி முள் குத்துவதைத் தவிர வேறு அச்சம் அங்கில்லை. அந்தப் பழக்கத்தில்தான், உங்கள் குளத்தில் பொழுது சாயும் நேரத்தில், பிடித்த மூன்று மீன்களைக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டி நீரில் தொங்கவிட்டபடி முழங்காலளவு நீரில் நின்றேன். நீர்மட்டத்தில் தெரிந்த இரண்டு புடைப்புகளை மிதக்கும் கட்டை என்றே எண்ணினேன்.

எதிர்வீட்டு ஐயா, நீங்கள் கத்திக்கொண்டே ஓடிவந்து, என் தோளைப் பற்றிப் பின்னே இழுத்து, கையிலிருந்த கத்தியால் அந்தக் கயிற்றை அறுத்துவிட்டீர்கள். முதலை மீன்களோடு அமிழ்ந்ததை நான் கரையில் உட்கார்ந்துதான் பார்த்தேன். அது தேடி வந்தது துடிக்கும் மீனை. அந்த மீனோ என் இடுப்பில் இருந்தது என்று நீங்கள் பொறுமையாக விளக்கியதை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். தூண்டில் நரம்பு கிழித்த என் உள்ளங்கையைக் கழுவிக் கட்டுப்போட்ட உங்கள் துணைவியாருக்கும் என் வணக்கம்.

தூண்டில் கடைத் தம்பிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். இருட்டும் முன்பே கரையைவிட்டுப் போய்விட வேண்டும், தண்ணீரில் இறங்காமல் சற்றுத் தள்ளி நிற்க வேண்டும், மீனை உடனே ஐஸ் பெட்டியில் போட வேண்டும், முதலை தக்கையைத் தொடர்ந்தால் நரம்பைச் சுருட்டிக்கொண்டு வேறிடம் போக வேண்டும், தூண்டில் மீனை அது கவ்விவிட்டால் போராடாமல் நரம்பை அறுத்துவிட வேண்டும் என்று ஒவ்வொன்றையும் செய்து காட்டினீர்கள்.

மாநில வனவிலங்கு ஆணையத்தின் உதவி எண்ணில் பேசிய அம்மையாரும் என் நன்றிக்குரியவர். அந்த மாநிலத்தில் ஏறத்தாழ 13 லட்சம் அலிகேட்டர் வகை முதலைகள் 67 மாவட்டங்களிலும் இருப்பதாகவும், மனிதருக்கு ஆபத்தானது என்று கருதப்படும் 4 அடிக்குக் குறையாத முதலையைப் பிடிக்க ஆள் அனுப்புவார்கள் என்றும் அவர் விளக்கினார். தீனி போட்டுப் பழக்கிய முதலைக்கு மனிதரிடம் உள்ள அச்சம் போய்விடும், அப்படிப் பிடிபடுபவை பெரும்பாலும் கொல்லப்படுகின்றன என்று கேட்டபோது மனம் கனத்தது. மீன் கழிவை நீரில் எறிவதும் தீனி போடுவதேதான் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

ஊரிலிருந்து வரும் பெற்றோருக்காக இவற்றைத் தமிழில் எழுதி, குளத்தருகே ஒட்டிய குடியிருப்பு நண்பர்களே, "பிடித்த மீனை உடம்பில் கட்டாதீர்கள்" என்பதை முதல் வரியாக வைத்ததற்கு நன்றி. அடுத்த மாதம் ஊர் வந்து திரும்பும் மகனிடம், கொட்டான் என்னும் ஓலைக் கூடை நிறைய எங்கள் பலகாரங்களான மணகோலமும் சீப்புச் சீடையும் உங்கள் எல்லோருக்குமாகக் கொடுத்தனுப்புகிறேன்.

என்றும் நன்றியுடன்,
காரைக்குடியிலிருந்து ஒரு தந்தை