எட்டாவது டிஸ்க்கில் ஏழாவது டிஸ்க்: ஐந்து மாதமாகத் தீராத புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ப்ளூ-ரே பெட்டித் தொகுப்பில் கடைசி டிஸ்க் தவறாக இருப்பது, படம் மேலும் கீழும் வெட்டப்பட்டிருப்பது, உங்கள் ஊழியர் பேசிய விதம் ஆகியவை குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஆறாவது கடிதம். முந்தைய ஐந்தில் நான்காவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் "தங்கள் கருத்துக்கு நன்றி" என்ற ஒரே பதில்தான் வந்தது. நான் அனுப்பியது கருத்து இல்லை, புகார். ஐந்து மாதத்தில் பதினொரு முறை போன் செய்து, மூன்று முறை நேரில் அலைந்து ஓய்ந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன். தயவுசெய்து இந்த ஒரு தடவையாவது கடைசிவரை படியுங்கள்.

எந்தத் தொகுப்பு என்று நான் விளக்க வேண்டியதில்லை. கறுப்புப் பெட்டி, எட்டு டிஸ்க். 1979-ல் வந்த முதல் 'மொபைல் சூட் கண்டாம்' என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடர், 43 பாகமும் முழுசாக என்று பெட்டியின் முதுகில் நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள். விற்பவர்களுக்குத் தெரியாதா என்ன, உள்ளே என்ன இருக்கிறதென்று?

எட்டாவது டிஸ்க்கில் 39 முதல் 43 வரை இருக்க வேண்டும். அதைப் போட்டால் 33-ம் பாகம் ஓடுகிறது. ஏழாவது டிஸ்க்கிலும் அதே 33-தான். இரண்டையும் வெளிச்சத்தில் சாய்த்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நடு ஓட்டையைச் சுற்றியுள்ள வளையத்தில் பொடி எழுத்தில் ஒரு எண் பொறித்திருக்கும் இல்லையா, அது இரண்டிலும் ஒன்றேதான், கடைசி இலக்கம் 7 உட்பட. மேலே ஒட்டியிருக்கும் படம் மட்டும் 8. ஆக, ஏழாவது டிஸ்க்கையே இன்னொரு தடவை அடித்து, எட்டு என்று பெயர் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். இது என் பிளேயரின் கோளாறு இல்லை. பிளேயரை ரீசெட் செய்யுங்கள் என்று நான்கு பேர் சொன்னார்கள். நான்கு தடவையும் செய்தேன்.

ஐந்தாவது முறை பேசிய அந்த ஆளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பெயர் கேட்டேன், சொல்லவில்லை. நான் 39-ம் பாகம் முதல் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே குறுக்கிட்டு, "பொம்மைப் படம்தானே சார், கடைசி அஞ்சு எபிசோட் பார்க்கலேன்னா என்ன ஆயிடப் போகுது? நெட்ல கதையப் படிச்சுக்கோங்க" என்றார். பின்னால் யாரோ சிரிப்பது எனக்குக் கேட்டது. நான் வாயடைத்துப் போனேன். போனை வைத்த பிறகும் கை நடுங்கியது. அன்று ராத்திரி தூக்கம் இல்லை.

பொம்மைப் படமா? பதினைந்து வயதுப் பையன் அமுரோ, வேறு வழியில்லாமல் கண்டாம் என்ற ராட்சத ரோபோவில், ஒரு போர் இயந்திரத்தில், ஏறி உட்காருகிறான். அவன் கொல்வது அரக்கர்களை அல்ல, தன்னைப் போன்ற மனிதர்களை. எதிரிப் படையிலும் குடும்பம் இருக்கிறது, துக்கம் இருக்கிறது. 1972-ல் 'மாஸிங்கர் இஸட்' வந்து ரோபோவுக்குள் மனிதனை உட்கார வைத்தது. 1974-ல் 'ஸ்பேஸ் பேட்டில்ஷிப் யமாட்டோ' வந்து விண்வெளிப் போரைக் கதையாக்கியது. அதற்குப் பிறகு டொமினோ என்ற இயக்குநர், ராட்சத ரோபோ என்பது போரில் பயன்படும் ஒரு ஆயுதம்தான், அதற்கும் எரிபொருளும் ரிப்பேரும் வேண்டும் என்று காட்டினார். ஒளிபரப்பானபோது யாரும் சீண்டவில்லை. 52 பாகமாகத் திட்டமிட்டதை 43-ல் முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். மறு ஒளிபரப்பிலும், 1980-ல் வந்த பிளாஸ்டிக் மாடல்களாலும்தான் அது எழுந்து நின்றது. அதாவது ஏற்கெனவே ஒருமுறை ஒன்பது பாகம் குறைக்கப்பட்ட கதை இது. மிச்சம் இருப்பதிலும் ஐந்தை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

மன்னிக்கவும், சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

படம் வெட்டப்பட்டிருப்பது பற்றி என் இரண்டாவது கடிதத்திலேயே எழுதியிருந்தேன். அந்தக் காலத்துத் தொடர் 4:3 அளவில், அதாவது பழைய டிவியின் அகலம் குறைந்த வடிவத்தில், எடுக்கப்பட்டது. பெட்டியிலும் 4:3 என்றுதான் போட்டிருக்கிறீர்கள். ஆனால் டிஸ்க்கில் இருப்பது 16:9, இந்தக் காலத்து அகலத் திரை அளவு. உங்கள் ஊழியர் ஒருவர் (இவர் மரியாதையாகப் பேசினார், அதைச் சொல்லிவிடுகிறேன்) டிவி செட்டிங்கை மாற்றிப் பாருங்கள் என்றார். மாற்றினேன், பிரயோஜனம் இல்லை. படத்தை அகலவாக்கில் இழுத்திருந்தால் ஹெல்மெட் எல்லாம் முட்டை மாதிரி தெரிய வேண்டும், செட்டிங்கில் சரிசெய்யவும் முடியும். இங்கே வட்டம் வட்டமாகவே இருக்கிறது. அப்படியென்றால் மேலும் கீழும் நறுக்கியிருக்கிறீர்கள். 4:3 படத்தை 16:9-க்கு நறுக்கினால் கால் பங்கு படம் போய்விடும். போனது எந்த செட்டிங்கிலும் திரும்பி வராது.

கால் பங்குதானே என்று நினைத்துவிடாதீர்கள். முதல் பாகத்தில், அமுரோ கையேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தபடி இயந்திரத்தை இயக்க, படுத்துக் கிடந்த கண்டாம் மெல்ல எழுந்து நிற்கும் இடம் இருக்கிறதே, அதற்காகத்தான் நான் இந்தப் பெட்டியையே வாங்கினேன். 18 மீட்டர் உயரம் என்பதை அந்த ஒரு எழுச்சியில்தான் நாம் உணர்கிறோம். உங்கள் டிஸ்க்கில் அது எழுகிறது, தோள் வருகிறது, கழுத்து வருகிறது, அதற்கு மேல் திரை முடிந்துவிடுகிறது. நெற்றியில் இருக்கும் அந்த வி வடிவக் கொம்பைக் காணோம். படத்தை நிறுத்தி வைத்துப் பார்த்தேன். கீழே கணுக்காலும் இல்லை. தொடர் பார்த்தவர்களுக்குத் தெரியும், கண்டாமுக்குத் தலை போவது 43-ம் பாகத்தில். நீங்கள் முதல் பாகத்திலேயே எடுத்துவிட்டீர்கள், 43-ம் பாகத்தையோ கொடுக்கவே இல்லை.

'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரை ப்ளூ-ரேக்காகப் புதுப்பித்தபோது 4:3-ஐ அப்படியே வைத்தார்கள். 'பாபிலோன் 5' டிவிடியில் அகலத் திரைக்காக விண்வெளிக் காட்சிகளை நறுக்கிக் கெடுத்தார்கள், ரசிகர்கள் வருஷக்கணக்காகக் குறை சொன்னார்கள், கடைசியில் 2021-ல் வந்த புதுப் பதிப்பு 4:3-க்கே திரும்பியது. இதெல்லாம் இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

இரண்டாவது முறை நேரில் போன கதையைச் சொல்கிறேன். உங்கள் ஆள்தான் போனில் சொன்னார்: "முழு பெட்டியையும் பில்லோடு மையத்துக்கு எடுத்துட்டு வாங்க, அங்கேயே மாத்திக் கொடுத்துடுவாங்க." அரை நாள் லீவு போட்டேன். பெட்டி நசுங்காமல் இருக்கத் துணி சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். இரண்டே கால் மணி நேரம் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்ததும் கவுண்டரில் இருந்தவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக் உறை பிரிச்சிருக்கே, பிரிச்சதை எடுக்க மாட்டோம்" என்றார். பிரிக்காமல் உள்ளே தப்பான டிஸ்க் இருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ரூல்ஸ் அப்படித்தான்" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். நான் அங்கேயே நின்றேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். அந்த அவமானத்துக்கு நீங்கள் என்ன ஈடு கொடுப்பீர்கள்?

முதல் முறை போனபோது மையமே விடுமுறை. மூன்றாவது முறை, இங்கே டிஸ்க் எடுப்பதில்லை, ஆன்லைனில்தான் பதிய வேண்டும் என்றார்கள். பதிந்தேன். இரண்டு நாளில் "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. எதைத் தீர்த்தீர்கள்?

உங்கள் நான்காவது மின்னஞ்சல் இன்னொரு கொடுமை. முடிவுப் பகுதி திரைப்பட வடிவில் தனியாகக் கிடைக்கிறது, அதையும் எங்களிடமே வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். குறைபாடான பொருளைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை வாங்கச் சொல்கிறீர்கள். 1981, 82-ல் வந்த அந்த மூன்று படங்களும் தொடரின் சுருக்கம், பல இடங்களில் மாற்றியும் இருக்கிறார்கள். தொடரில் கண்டாமுக்குத் துணையாக வரும் ஜி-ஃபைட்டர் என்ற போர் வாகனம் படங்களில் கிடையாது, அந்த இடத்தில் கோர் பூஸ்டர் என்ற வேறொன்று வரும். அதைப் பார்த்தால் இதைப் பார்த்ததாக ஆகாது.

15-ம் பாகம் இல்லை என்று நான் புகார் செய்திருந்தால்கூடப் பேச்சுக்கு இடமுண்டு. டொமினோவே கேட்டுக்கொண்டதால் ஆங்கில வெளியீடுகளில் அதைச் சேர்க்காமல் விட்டார்கள், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் பெட்டியில் 15 ஒழுங்காக இருக்கிறது. அதற்கு உண்மையிலேயே நன்றி. அந்த அளவுக்கு அக்கறை எடுத்த ஒரு நிறுவனம் முடிவை எப்படித் தொலைத்தது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் இந்த உலகத்தில் வாழ்கிறவன். பள்ளியில் படிக்கும்போது, கோடு கோடாக ஓடும் வீடியோ கேசட்டில் 'ரோபோடெக்' பார்த்தேன். அது மூன்று தனித்தனி ஜப்பானியத் தொடர்களை ஒட்டி 1985-ல் 85 பாகமாக்கியது என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. எனக்குப் பிடித்த பாத்திரங்களின் பெயர்கூட நிஜப் பெயர் இல்லை. அன்றிலிருந்து எதையும் எடுத்தபடியே, முழுசாக, வரிசையாகப் பார்க்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். அதை நம்பித்தான் உங்களிடம் வாங்கினேன். நீங்கள் கொடுத்த பெட்டி அந்த முப்பது வருஷத்தையும் மிதித்துவிட்டது.

சும்மா மிரட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம், ஆனால் ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அறிவியல் புனைகதைத் தொடர்களின் ரசிகர்களுக்குக் கடிதம் எழுதத் தெரியும். 'ஸ்டார் ட்ரெக்' இரண்டாவது சீசனோடு நின்றுபோகும் என்ற நிலை வந்தபோது ரசிகர்கள் எழுதிக் குவித்த கடிதங்களுக்குப் பிறகு, 1968-ல் தொடர் நீடிக்கும் என்று அந்தத் தொலைக்காட்சி தன் ஒளிபரப்பிலேயே அறிவித்தது. 'டாக்டர் ஹூ' தொடரின் பழைய டேப்புகளை பி.பி.சி. அழித்துவிட்டது. இன்றைக்கும் படமாகக் கிடைக்காத பாகங்களுக்குக்கூட ஒலி இருக்கிறது என்றால், வீட்டில் டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த ரசிகர்கள்தான் காரணம். அவர்களையும் யாரோ ஒருவர் "பொம்மைப் படம்தானே" என்றுதான் கேட்டிருப்பார்.

அந்த வார்த்தையை என்னால் மறக்க முடியவில்லை. உங்கள் அழைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன என்று ஆரம்பத்திலேயே சொல்கிறீர்கள். ஐந்தாவது அழைப்பை எடுத்து, தயவுசெய்து நீங்களே ஒருமுறை கேளுங்கள். கேட்ட பிறகு அவர் செய்தது சரி என்று உங்களுக்குத் தோன்றினால் அதையும் எழுத்தில் தெரிவியுங்கள்.

அப்புறம், இது எனக்கு மட்டுமான இழப்பு இல்லை. என் மகளோடு சேர்ந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன். தினம் ஒரு பாகம், இரவு எட்டு மணிக்கு. 34-ம் பாகத்தில் லாலா என்ற பெண் வந்ததும் என் மகளுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. 38-ல் தங்கை செய்லாவும் எதிரிப் படையில் இருக்கும் அண்ணன் ஷாரும் சந்தித்தது வரை பார்த்தோம். மறுநாள் எட்டாவது டிஸ்க்கைப் போட்டால் பழைய பாகம். "அப்பா, லாலாவுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியும், சொல்லவில்லை. ஐந்து மாதமாகச் சொல்லாமல் இருக்கிறேன். நெட்டில் படித்துக்கொள் என்று அவளிடமும் சொல்ல வேண்டுமா?

சரி, என் கோரிக்கை இதுதான். 39 முதல் 43 வரை உள்ள சரியான எட்டாவது டிஸ்க்கை என் முகவரிக்கே அனுப்புங்கள், நான் இனி எங்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர மாட்டேன். வெட்டப்படாத 4:3 பதிப்பு உங்களிடம் இருந்தால் எட்டு டிஸ்க்கையும் மாற்றிக் கொடுங்கள், இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெட்டியில் 4:3 என்று போடுவதை நிறுத்துங்கள். அந்த ஊழியர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் வேலை போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

பதினைந்து நாள் காத்திருப்பேன். அதற்குள் மனிதர் எழுதிய பதில் வரவில்லையென்றால் நுகர்வோர் நீதிமன்றத்தில் மனு போடுவேன். பில், ஐந்து மின்னஞ்சல், டோக்கன் சீட்டு, இரண்டு டிஸ்க்கின் வளைய எண்ணையும் பக்கத்தில் வைத்து எடுத்த போட்டோ, முதல் பாகத்தில் தலையில்லாமல் நிற்கும் காட்சியின் போட்டோ எல்லாம் தேதி வாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். அந்த நிலைக்குப் போகாமல் நீங்களே முடித்துக் கொடுத்தால் மனமார நன்றி சொல்வேன், இது சத்தியம்.

டிஸ்க்கை அனுப்பும்போது தயவுசெய்து யாராவது ஒருவர் அதைப் பிளேயரில் போட்டு, 39-ம் பாகம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிவேட்டில் "தீர்க்கப்பட்டது" என்று இருக்கும் புகாரின் உரிமையாளர்