எல்லாப் பழியையும் டவர் மேல் போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிணற்று மோட்டாரைப் போனிலிருந்தே ஓட்டவும் நிறுத்தவும் உதவும் மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கிய விவசாயிகள், ஆப்பில் மோட்டார் 'ஆஃப்லைன்' என்று காட்டுவதால் படும் பாட்டைப் பற்றி உங்கள் கோவைப் பதிப்பில் வந்த செய்தியைப் படித்தேன். கிராமத்தில் டவர் சரியில்லை என்பதோடு செய்தி முடிந்துவிட்டது. நான் கணபதியில் சின்னதாக ஒரு பட்டறை வைத்து இந்த ஸ்டார்ட்டர் போர்டுகளைப் பழுது பார்க்கிறேன். சில கம்பெனிகளுக்கு ஃபர்ம்வேரை, அதாவது போர்டுக்குள் ஓடும் நிரலை, திருத்தியும் கொடுக்கிறேன். என் மேஜைக்கு வரும் போர்டுகளில் பலவற்றுக்கு டவரோடு ஒரு தகராறும் இல்லை.

மிஸ்டு கால், எஸ்எம்எஸ்ஸில் ஓடும் பழைய ஸ்டார்ட்டர்களை விட்டுவிடுவோம். ஆப் மூலம் ஓடுபவற்றில்தான் சிக்கல். அப்படி ஒன்று ஆஃப்லைன் ஆனால், பெட்டிக்குள் இருக்கும் சிம் நம்பருக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். ரிங் போனால் டவர் இருக்கிறது என்று அர்த்தம். பெட்டியை மொபைல் நெட்வொர்க்கோடு இணைக்கும் பாகம்தான் மோடம். அது சிம்800 என்ற வகையாக இருந்தால் பெட்டியைத் திறந்து அதன் சின்ன விளக்கையும் பார்க்கலாம். நொடிக்கு ஒருமுறைக்கும் கொஞ்சம் வேகமாக மின்னினால் இன்னும் நெட்வொர்க்கைத் தேடிக்கொண்டிருக்கிறது. மூன்று நொடிக்கு ஒருமுறை மின்னினால் டவரில் பதிவாகிவிட்டது. அதைவிட வேகமாக, நொடிக்கு இரண்டு மூன்று முறை மின்னினால் டேட்டா இணைப்பும் எழுந்துவிட்டது. டேட்டா ரீசார்ஜ் முடிந்திருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள், பாதிக் கேஸ் அங்கேயே தீர்ந்துவிடும். இதெல்லாம் சரியாக இருந்தும் ஆப் ஆஃப்லைன் என்றே சொன்னால், கோளாறு பெரும்பாலும் பெட்டிக்குள் இருக்கும் நிரலில்தான்.

நான் அடிக்கடி பார்ப்பது சாக்கெட் எண் குழப்பம். மோடம் திறக்கும் ஒவ்வொரு இணைய இணைப்புக்கும் (அதுதான் சாக்கெட்) ஒரு எண் உண்டு. சிம்800இல் 0 முதல் 5 வரை, எந்த எண் என்று டிரைவர், அதாவது மோடத்தை இயக்கும் நிரல், சொல்ல வேண்டும். யூ-பிளாக்ஸ் கம்பெனியின் சாரா வகை மோடத்தில் 0 முதல் 6 வரை, அங்கே எண்ணைக் கொடுப்பது மோடம். ஒன்றுக்கு எழுதிய டிரைவரை இன்னொன்றுக்கு அப்படியே ஒட்டினால் எண்கள் குழம்பிப்போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் பூஜ்யம் படுத்தும் பாடு தனி. பூஜ்யம் என்றால் 'இணைப்பு இல்லை' என்று எடுத்துக்கொண்டு எழுதிய டிரைவர்கள் ஏராளம். சர்வர் பக்கம் இணைப்பு அறுந்ததும் மோடம் '0, குளோஸ்டு' என்று ஒரு வரி அனுப்புகிறது. பூஜ்யத்துக்கு மேல் இருந்தால்தான் கவனிப்பேன் என்று டிரைவர் அதைத் தள்ளிவிட்டு, செத்த இணைப்பிலேயே தகவலை எழுதிக்கொண்டிருக்கிறது. விளக்கு ஒழுங்காக மின்னும், ஆப் ஆஃப்லைன் என்றே காட்டும்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. சி மொழியில் எழுத்தை எண்ணாக்கும் 'ஏடூஐ' என்ற ஃபங்ஷன், எண்ணே இல்லாத குப்பையைக் கொடுத்தாலும் பூஜ்யம் என்றுதான் திருப்பித் தரும். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் கான்டாக்டர் சுவிட்ச் இழுக்கும் நொடியில், மோடத்தையும் போர்டையும் இணைக்கும் சீரியல் லைனில் குப்பை எழுத்து விழுவது சகஜம். வேறொரு இணைப்பு மூடியதாக வந்த வரியின் முதல் எழுத்து கெட்டுப்போனால், டிரைவர் அதைப் பூஜ்யம் என்று படித்து, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் முதல் இணைப்பை மூடிவிடும்.

மூன்றாவது, மூடு என்று கட்டளை கொடுத்த கையோடு அந்த எண்ணைப் புது இணைப்புக்குக் கொடுத்துவிடுவது. கோயில் செருப்பு ஸ்டாண்டில் உள்ளே இருக்கும் செருப்பை எடுக்கும் முன்பே அதே டோக்கனை அடுத்த ஆளுக்குக் கொடுத்த கதைதான். பழைய இணைப்பு மூடிய செய்தி தாமதமாக வந்து புது இணைப்பைச் சாய்த்துவிடும்.

ஆய்வகத்தில் இது ஏன் தெரிவதில்லை என்று கேட்பார்கள். அங்கே மின்சாரம் சீராக வரும், இணைப்பும் அறுவதே அபூர்வம். தோட்டத்தில் அப்படியா? சும்மா கிடக்கும் இணைப்பை நெட்வொர்க்காரர்களே கொஞ்ச நேரத்தில் அறுத்துவிடுவார்கள். சிம்800 சிக்னல் அனுப்பும் நொடியில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். மலிவான பவர் சப்ளை அதைத் தாங்காமல் தணிந்தால் மோடம் மட்டும் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடும். அதன் இணைப்புகள் எல்லாம் போய்விட்டன, டிரைவரின் பட்டியலில் மட்டும் அவை திறந்தே இருக்கும்.

திருத்தம் ஒன்றும் பெரிய வித்தையல்ல. 'இணைப்பு இல்லை' என்பதற்குப் பூஜ்யத்தை விட்டு -1 என்று வைக்க வேண்டும். யுனிக்ஸ் என்ற பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தின் காலத்திலிருந்து அதுதான் வழக்கம், அங்கே பூஜ்யம் முறையான எண். ஏடூஐக்குப் பதில் 'ஸ்ட்ரிடால்' என்ற ஃபங்ஷனைப் போட்டு, எண் உண்மையிலேயே படிக்கப்பட்டதா, வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடிவிட்டேன் என்று மோடம் சொல்லும் 'குளோஸ் ஓகே' வராமல் எண்ணை மறுபடி கொடுக்கக் கூடாது. மோடம் புதிதாக எழுந்து 'கால் ரெடி' என்றால் பட்டியலை முழுதாகத் துடைக்க வேண்டும். அப்புறம், அதே இணைப்புக்கு ஸ்டார்ட்டரின் மேல்நிலை நிரல் (அப்ளிகேஷன்) வைத்திருக்கும் எண்ணும் மோடம் வைத்திருக்கும் எண்ணும் வேறு வேறு, இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. 2016இல் லினக்ஸ் பவுண்டேஷன் தொடங்கிய, சின்னக் கருவிகளுக்கான ஜெஃபிர் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மோடம் நிரலில் இரண்டுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. காசு கொடுக்காமல் யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

டீலர்கள் ஆன்டெனாவைத் தென்னை மரத்தில் கட்டச் சொல்வதும், மோடத்தை மாற்றிப் பில் போடுவதும் எரிச்சலாக இருக்கிறது. மோடத்தை மாற்றினாலும் அதே டிரைவர்தானே ஓடப்போகிறது? கிணற்றடிப் பெட்டியை ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடும் என்று கஸ்டமர் கேரில் சொல்கிறார்கள். கிணற்றடிக்குப் போகாமல் இருக்கத்தானே அவர் இதை வாங்கினார்!

தயாரிப்பாளர்கள் பெட்டியின் மேல் ஃபர்ம்வேர் எண்ணை அச்சிட்டு, திருத்திய ஃபர்ம்வேரை டீலரிடமாவது கொடுத்து வைக்கலாம். வாங்குபவர்களும் வாரன்டி எத்தனை வருடம் என்று கேட்கும்போதே, ஃபர்ம்வேர் அப்டேட் எப்படிப் போடுவீர்கள் என்று சேர்த்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஸ்டார்ட்டர் போர்டு பழுது பார்க்கும் ஒரு வாசகர்,
கணபதி, கோவை-6