அறுத்து எடுத்த துண்டு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆச்சு. வேலை அதிகம் என்று சாக்கு சொல்லப் போவதில்லை, சோம்பல்தான். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது கேட்டு நிம்மதி. சின்னவளுக்குக் காலேஜ் கிடைத்துவிட்டதா?

ஜப்பான்காரர் அகிரா நகாய், பழைய போர்ஷே 911 ஸ்போர்ட்ஸ் காரின் மட்கார்டை ரம்பத்தால் அறுத்து அகலமான மட்கார்டு வைத்துத் திருகுகிற வீடியோவைப் பார்த்துவிட்டு "மனசு எப்படிடா வருது அந்த ஆளுக்கு" என்று கேட்டிருந்தாயே. போன மாதம் வரை நானும் அதையேதான் கேட்டிருப்பேன். இங்கே ஜெர்மனியில் எங்கள் ஆபீஸில் ஒருத்தர் வைத்திருக்கும் 964-க்கு (1989-லிருந்து 94 வரை வந்த 911) அதே மாதிரி வேலை நடந்தது, நகாய் வரவில்லை, உள்ளூர் ஆள்தான். வேடிக்கை பார்க்கப் போனவனைப் பிடித்து லைட் பிடிக்க வைத்துவிட்டார்கள்.

முன்பக்கம் ஒன்றுமே இல்லை. 911-ல் முன் மட்கார்டு போல்ட்டில்தான் நிற்கிறது. கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் புதுசை மாட்டலாம், நாளைக்கு மனசு மாறினால் பழையதையே திருப்பிப் பூட்டிவிடலாம். பின்பக்கம்தான் வயிற்றைக் கலக்கும். அது பாடியோடு சேர்த்து வெல்டிங் செய்தது. அந்த உள்ளூர் ஆள் மாஸ்கிங் டேப்பில் வளைவாகக் கோடு போட்டார், இரண்டு அடி தள்ளிப் போய்ப் பார்த்தார், டேப்பைப் பிய்த்து ஒரு விரல் அளவு மேலே ஏற்றி ஒட்டினார். அப்புறம் காற்றில் ஓடுகிற சின்ன ரம்பம். நம் கடையில் கிரைண்டர் போடுகிற மாதிரி பொறி பறக்கவில்லை, தகரம் கிர்ர்ரென்று அதிர்ந்துகொண்டே அறுந்தது. வண்டிக்காரர் பாதியில் வெளியே போய் நின்றுகொண்டார், பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிற மாதிரி.

பூட்டியது ஃபைபர் மட்கார்டு. அதைத் திருகு போட்டுப் பிடித்து, ஓரத்தில் கருப்பு சீலன்ட் இழுத்து, விரலாலேயே வழித்துவிட்டார். போர்ஷே 1976 மாடலிலிருந்து பாடித் தகடு முழுக்க சிங்க் பூச்சு கொடுத்துவிட்டான், அதனால்தான் அந்த வண்டிகள் துருப்பிடிக்காமல் இன்னமும் ஓடுகின்றன. அறுத்த இடத்தில் அந்தப் பூச்சு இல்லை, பச்சை இரும்பு. அங்கே பிரைமர் அடிக்காமல் ஃபைபரை வைத்து மூடினால் உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. இந்த ஆள் இரண்டு கோட் அடித்துக் காயவிட்டுத்தான் மூடினார், அங்கேதான் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. எங்கள் அப்பாவின் ஃபியட்டில் ஒருத்தன் ஓட்டைக்குள் நியூஸ்பேப்பரைத் திணித்து மேலே பட்டி போட்டுக் கொடுத்தானே, நீ ஸ்க்ரூடிரைவரால் குத்தியதும் பேப்பரோடு வந்ததே, அந்த ஞாபகம் வந்தது.

சரி, மனசு விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஸ்டுட்கார்ட்டில் சுஃபன்ஹௌசன் என்ற பகுதியில் போர்ஷே மியூசியம் இருக்கிறது. அதற்கு அடுத்த ஞாயிறு அங்கே போய் 935 முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். 911-ஐ வைத்துச் செய்த ரேஸ் வண்டி. 1976-ல் குரூப் 5 என்ற ரேஸ் பிரிவில், பாடியின் உருவம் 911 மாதிரியே இருக்கவேண்டும், ஆனால் மட்கார்டை மட்டும் இஷ்டப்படி செய்துகொள்ளலாம் என்று விதி. நார்பர்ட் சிங்கர் என்ற எஞ்சினியர் அதைப் படித்துவிட்டு, 911-ல் ஹெட்லைட் இருப்பதே மட்கார்டின் மேல்தானே என்று யோசித்திருக்கிறார். மட்கார்டு நம் இஷ்டம் என்றால் லைட்டும் நம் இஷ்டம். தவளைக் கண் மாதிரி நிற்கும் அந்த லைட்டைத் தூக்கிக் கீழே பம்பருக்குள் வைத்து, மூக்கைத் தட்டையாகச் சரித்துவிட்டார்கள். காற்று எதிர்ப்பும் குறைந்தது, முன் சக்கரம் தரையைப் பிடிப்பதும் கூடியது. வக்கீல் வேலை பார்க்கவேண்டிய ஆள்!

கொலோன் ஊர் கிரெமர் சகோதரர்கள் அதே 935-ஐ இன்னும் மாற்றி கே3 என்று செய்தார்கள். 1979 லே மான் 24 மணி நேர ரேஸில் மொத்தத்திலேயே முதலாவதாக வந்தது அந்த வண்டிதான். அப்புறம் பணக்காரர்கள் எனக்கும் தட்டை மூக்கு வேண்டும் என்று கேட்க, கம்பெனியே ரோட்டு வண்டியில் அதைப் போட்டுக் கொடுத்தது. 964 டர்போவில் அந்த மாதிரி வந்தது வெறும் 76 வண்டி, இன்றைக்குச் சாதாரண டர்போவைவிட அதற்குத்தான் விலை. போர்ஷே வெட்டினால் பொக்கிஷம், நகாய் வெட்டினால் பாவமா?

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது மாப்ளே. 935-ன் அகலம் தேவையில் வந்தது, உள்ளே அந்த அளவுக்கு டயர் இருந்தது, பிடிப்பு வேண்டியிருந்தது. எங்கள் ஆபீஸ்காரர் 12 அங்குல அகல ரிம்மைப் பின்னால் போட்டுக்கொண்டு காய்கறி வாங்கப் போகப் போகிறார். பின்னாலிருந்து பார்த்தால் வண்டி பிரமாதமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு நிற்கிற மாதிரி. நானாக இருந்தால் எஞ்சின் நம்பர் முதல் எல்லாம் ஒரிஜினலாக இருக்கிற வண்டியில் கை வைக்கமாட்டேன், ஏற்கெனவே பின்னால் இடி வாங்கினதைத் தேடிப் பிடித்து வாங்கி அறுப்பேன்.

இன்னொன்று அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. இங்கே 30 வருஷம் தாண்டின வண்டிக்கு நம்பர் பிளேட் கடைசியில் எச் என்ற எழுத்து கொடுப்பார்கள், எஞ்சின் எவ்வளவு பெரிசாக இருந்தாலும் வரி வருஷத்துக்கு 191 யூரோ சில்லறைதான். ஆனால் வண்டி பழைய நிலையில் இருக்கவேண்டும், மாற்றம் செய்திருந்தால் அந்தக் காலத்து வழக்கத்தில் இருந்த மாற்றமாக இருக்கவேண்டும். இப்போது அந்த எச் நிற்குமா என்று இன்ஸ்பெக்டரிடம் அலைகிறார். அறுப்பதற்கு முன்னால் கேட்டிருக்கலாம்!

அறுத்த இரண்டு துண்டையும் குப்பையில் போடப் போனார்கள், ஒன்றைக் கேட்டு வாங்கிவிட்டேன். கருக்கரிவாள் மாதிரி வளைந்து என் மேசைமேல் கிடக்கிறது, ஒரு பக்கம் சிவப்பு பெயிண்ட், மறுபக்கம் முப்பது வருஷத்து அழுக்கு. டிசம்பரில் வரும்போது கொண்டுவருகிறேன், தகட்டின் கனத்தை நீயே பார். செக்-இன் பெட்டியில்தான் போடவேண்டும், அப்படியும் ஸ்கேன் செய்கிறவன் இது என்ன என்று கேட்டால் என்ன சொல்வது, யோசித்து எழுது.

உன்,
பாலு