கடைசிப் பந்தி

வியன்னா

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். குளிர் ஆரம்பித்துவிட்டது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

போன வாரம் மூசிக்ஃபெரைனில் கச்சேரி கேட்டேன். 1870இல் திறந்த மண்டபம், உள்ளே எங்கு பார்த்தாலும் தங்கப் பூச்சு. பின்னால் நின்று கேட்க மலிவுச் சீட்டு உண்டு, என் சம்பளத்துக்கு அதுதான். மொசார்ட்டின் செரினேட் ஒன்று: 12 ஊதுகிற வாத்தியம், கூடவே டபுள் பேஸ் என்று பெரிய தந்தி வாத்தியம் ஒன்று. அதில் ஓபோ என்று ஒன்று, நம் நாயனத்துக்குத் தம்பி மாதிரி. அதற்கும் வாயில் வைத்து ஊதுகிற சீவாளி உண்டு, வாசிக்கிறவர்களே செதுக்கிக்கொள்கிறார்கள். விளம்பமான பகுதியில் அது ஒரே ஸ்வரத்தில் வந்து நின்றது. தோடியில் மேல் ஸட்ஜத்தைப் பிடித்தால் விடமாட்டீர்களே, அப்படி. என்னையறியாமல் "ஆகா" என்றேன். முன்னால் நின்ற அம்மாள் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். இங்கே இருமலைக்கூட அடக்கி வைத்திருந்து, ஒரு பகுதி முடிந்ததும் எல்லோருமாகச் சேர்ந்து இருமித் தீர்க்கிறார்கள்!

இவ்வளவு பயபக்தி எதற்கு? செரினேட் என்றாலே அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள் சாயங்காலம் பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, வெளியில் நின்று வாசிக்கிற சமாச்சாரம். 1781இல் இதே ஊரிலிருந்து மொசார்ட்டும் தன் அப்பாவுக்கு எழுதியிருக்கிறார்: எஜமானரான ஆர்ச்பிஷப்பின் வீட்டில், அந்தரங்கப் பணியாட்களுக்குக் கீழே, சமையல்காரர்களுக்கு மேலே தனக்குச் சாப்பாட்டு இடம் என்று.

படித்ததும் மன்னார்குடிக் கல்யாணம் ஞாபகம் வந்தது. "மேளக்காரங்க கடைசிப் பந்தியில உக்காரட்டும்" என்றார்களே. நீங்கள் பேசாமல் நாயனத்தை உறையில் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தீர்கள். எனக்கு அப்போது 12 வயது. இந்த வாத்தியத்தைத் தொடுவதில்லை என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். விரல் வராததால் இல்லை, அப்பா. இத்தனை வருஷம் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனாலும் மண்டபத்தில் நிற்கும்போது, சாமி புறப்பாட்டில் நீங்கள் மல்லாரி வாசிக்கையில் கடையைப் போட்டது போட்டபடி கூடவே நடந்து வருவாரே வெற்றிலைக் கடைக்காரர், அவர்தான் நினைவில் நின்றார். "பலே" என்று அவர் போடுகிற சத்தத்துக்கு இங்கே வெளியே தள்ளியிருப்பார்கள்.

தை மாதத்துக்கு எத்தனை முகூர்த்தம் வந்திருக்கிறது? இந்த வருஷமும் செண்டை மேளத்தைக் கூப்பிட்டுவிட்டார்களா?

ஒரு ராத்திரி நீங்கள் தோடி வாசிப்பதைப் போனில் பதிந்து அனுப்பத் தம்பியிடம் சொல்லுங்கள். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். ஹெட்போன் வாங்கிவிட்டேன். தாளம் மட்டும் தலையணையில் போட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மகன்