நெற்றியில் ஓர் இசைக்கவையை வைத்துப் பாருங்கள்

தெருமுனை கிளினிக்குகளில் எங்களைப் பார்க்கும் பொது மருத்துவர்களுக்கு,

வணக்கம். காய்ச்சலோ வயிற்றுவலியோ, நாங்கள் முதலில் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான். அதனால்தான் திடீரென்று ஒரு காது கேட்காமல் போகும் நோயைப் பற்றிய இந்தக் கடிதத்தைப் பெரிய மருத்துவமனைகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் கைப்பேசியை இடது காதில் வைத்தேன். சத்தமே இல்லை. வலது காதுக்கு மாற்றினால், "அம்மா, கேட்கிறதா?" என்று மகள் கத்திக்கொண்டிருக்கிறாள். இடது காதுக்குள் பஞ்சு திணித்தாற்போல் அடைப்பு. தூரத்தில் குக்கர் சீறுவதுபோல் ஓயாத இரைச்சல். வலி துளியும் இல்லை. மாலையே மருத்துவரிடம் போனேன். சளி அடைப்பு என்று சொட்டு மருந்தும் மாத்திரையும் எழுதி, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். போனேன், அதே மருந்து இன்னொரு வாரத்துக்கு. பதினாறாம் நாள்தான் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம், கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் சோதனை எடுத்தேன். அடைப்பு எங்கும் இல்லை. பழுதானது உள்காது.

எனக்குச் சிகிச்சை தந்த அந்த மருத்துவர் நல்லவர். அவர்மேல் பழிபோட இதை எழுதவில்லை. மெழுகும் சளியும் தினமும் வரும்; இந்த நோய் எப்போதாவதுதான் வரும். 72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று ஒலி அதிர்வெண்களிலாவது 30 டெசிபெலுக்குக் குறையாமல் கேட்கும் திறன் விழுந்தால் அதைத் திடீர் செவித்திறன் இழப்பு என்கிறார்கள். பெரும்பாலும் ஒரு காதில்தான் வரும். பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் பிடிபடுவதில்லை. வைரஸ் என்கிறார்கள், உள்காதுக்கு இரத்தம் கொண்டுபோவது ஒரே ஒரு மெல்லிய தமனி, அதில் தடை ஏற்பட்டால் மாற்றுவழி கிடையாது என்கிறார்கள், உடலின் எதிர்ப்பாற்றலே உள்காதைத் தாக்கலாம் என்கிறார்கள். சிலருக்குச் செவிநரம்பில் கட்டி இருக்கும், அதற்காகத்தான் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். இந்தித் திரைப்படப் பாடகி அல்கா யாக்னிக், விமானத்திலிருந்து வெளியே வரும்போது காது கேட்காமல் போனதையும், வைரஸ் தாக்கியதே காரணம் என்று மருத்துவர்கள் கண்டதையும் 2024 ஜூனில் வெளியே சொன்னார். குரலையும் காதையும் நம்பி வாழ்ந்தவருக்கே அது திடுமென்றுதான் வந்தது.

நான் கேட்பது ஒன்றே. தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் உலோகக் கவையான 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை ஒன்றை மேசையில் வைத்திருங்கள். காது அடைப்பு என்று வருபவரின் நடுநெற்றியில் அதைத் தட்டி வையுங்கள். மெழுகோ சளியோ என்றால் அடைத்த காதில்தான் ஒலி உரக்கக் கேட்கும். நரம்போ உள்காதோ என்றால் நல்ல காதின் பக்கம் போய்விடும். இசைக்கவை இல்லாவிட்டால் "ம்ம்..." என்று முனகச் சொல்லி, எந்தக் காதில் கேட்கிறது என்று கேளுங்கள். இதுவே முடிவாகிவிடாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் நல்ல காதைக் காட்டினால் அன்றோ மறுநாளோ ஆடியோகிராமுக்கு அனுப்புங்கள். ஒரு வாரம் கழித்து வரச் சொல்லாதீர்கள்.

மூன்றில் ஒருவர் முதல் மூன்றில் இருவர் வரை, மருந்தில்லாமலும் ஓரளவு தேறுகிறார்கள். அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில். இதற்குத் தரும் ஸ்டீராய்டு மருந்து எல்லோரையும் காப்பாற்றும் என்று ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. ஆனாலும் பலன் தருமென்றால் அது அந்த இரண்டு வாரங்களில்தான் அதிகம். தலைசுற்றலோடு வந்தவர்கள், வயதானவர்கள், அறவே கேட்காமல் போனவர்கள் ஆகியோருக்குத் தேறும் வாய்ப்பு குறைவு. எனக்குத் தலைசுற்றலும் இருந்தது. செவிப்பறை வழியாக ஸ்டீராய்டு ஊசியும் போட்டார்கள். இடது காது திரும்பவில்லை. முதல் நாளே தொடங்கியிருந்தால் திரும்பியிருக்குமா என்பதை எவராலும் சொல்ல முடியாது.

வருபவர் சர்க்கரை நோயாளி என்றால், சர்க்கரை ஏறுமே என்று ஸ்டீராய்டு மாத்திரைக்குத் தயங்குவீர்கள். நியாயமான தயக்கம். அவர்களுக்குத்தான் செவிப்பறை ஊசி இருக்கிறது. அந்த முடிவைக் காது மருத்துவர் எடுக்கட்டும். நீங்கள் எழுதித் தரும் சீட்டில் காது கேட்காமல் போன தேதியை மட்டும் மறக்காமல் குறித்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளில் ஒருத்தி