‘திருத்திய பதிப்பு’ என்று அட்டையில் போடுவதற்கு முன்: தொழிலாளர் சட்டக் கையேட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கையேட்டுக் குழுவில் உள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம்.

உங்கள் பெயரையோ குழுவின் பெயரையோ இங்கே போடப்போவதில்லை. யாருக்கு எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும், அது போதும். போன் போட்டுச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கையேட்டின் புதிய வரைவு உங்கள் மேசையிலேயே இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன், ஆனால் அது இப்போது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையிலும் (அரசாங்கக் கணக்கில் பெஸ்தாரி ஜெயா) சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் வாட்ஸ்அப்பில் கைமாறிக்கொண்டிருக்கிறது, அதுவும் ‘அண்மைத் திருத்தங்களுடன்’ என்ற அட்டையோடு. அதை இறக்கி வைத்துக்கொண்டவர்களுக்கும் விஷயம் தெரிய வேண்டும் என்பதால்தான் ஊர் பார்க்க எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழில் இப்படி ஒரு நூல் வேண்டும் என்று யாரும் கேட்காத காலத்தில் நீங்களாக உட்கார்ந்து செய்தீர்கள், சம்பளமில்லாத வேலை. பழைய பதிப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துக்கொண்டு, தொழிலாளர் இலாகாவுக்குப் போகும்போது கையோடு எடுத்துப்போகிறவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். அதனால்தான் இந்த மடலே. யாரும் படிக்காத நூலில் பிழை இருந்தால் எனக்கென்ன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வரைவில் யாரோ கணினியில் ‘தேடி மாற்று’ பட்டனைத் தட்டியிருக்கிறார்கள். 1955 வேலை வாய்ப்புச் சட்டத்தில் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது, வாராந்திர வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியானது. இரண்டும் ஏ1651 என்ற திருத்தச் சட்டம் செய்த மாற்றங்கள், இரண்டும் 1.1.2023 முதல் நடப்பில் இருக்கின்றன. ஆனால் 60 என்ற எண் பிரசவத்துக்கு மட்டும் சொந்தமா? ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறுபவருக்கான விடுப்பும் 60 நாள்தான், அது உங்கள் வரைவில் 98 ஆகிவிட்டது. அதோடு நிற்கவில்லை, வேலை நேரத்தைப் பற்றிய 60ஏ பிரிவு ‘98ஏ பிரிவு’ என்று நிமிர்ந்து நிற்கிறது. படித்ததும் சிரித்தேன். அப்புறம், ஒரு மண்டோர் (கங்காணி) இதை நம்பி மேனேஜர் ஆபீசில் போய் ‘98ஏ பிரிவின்படி’ என்று பேச ஆரம்பித்தால் அங்கே என்ன மரியாதை கிடைக்கும் என்று யோசித்தேன், சிரிப்பு போய்விட்டது.

48-க்கும் இதே கதிதான். நோய் விடுப்பில் இருப்பவர் அது தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தகவல் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அனுமதியின்றி வேலைக்கு வராதவர் என்று கணக்கு வைப்பார்கள். இது 60எஃப் பிரிவில் இருக்கிறது, இந்த 48-ஐத் திருத்தச் சட்டம் தொடவே இல்லை. உங்கள் வரைவில் மட்டும் 45 மணி நேரம். மூன்று மணி நேரம் முன்னதாகச் சொன்னால் என்ன நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். 46-ஆவது மணி நேரத்தில் காய்ச்சலோடு போனைக் கையில் எடுத்தவர், கையேட்டைப் பார்த்துவிட்டு ‘நேரம் தாண்டிப் போச்சு’ என்று பேசாமல் படுத்துவிட்டால் அவர் வேலைக்கு யார் பதில் சொல்வது?

ஆஸ்பத்திரி விடுப்பில் உண்மையாகவே ஒரு மாற்றம் வந்தது, அது வரைவில் இல்லவே இல்லை. முன்பு அந்த 60 நாளுக்குள்ளேயே சாதாரண நோய் விடுப்பும் அடங்கிவிடும். சேவைக் காலத்தைப் பொறுத்து 14, 18, 22 நாள் என்று எடுத்ததெல்லாம் அந்த 60-இல் கழியும். இப்போது 60 தனி, மற்றது தனி. எண் அப்படியே இருக்க, கழிக்கும் முறை மட்டும் மாறியிருக்கிறது. இதைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கும், திருத்தச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு வாசகம் வாசகமாகப் படித்த ஆள்தான் கண்டுபிடிக்க முடியும்.

அடுத்தது சம்பளப் பக்கம். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் தோட்ட ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருந்து, செக்ரோல் என்ற ஆள் கணக்கு, சம்பளக் கணக்கு எழுதியே என் கண் போனது. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், 1 பிப்ரவரி 2025 முதல், ஐந்து பேருக்கும் குறைவாக ஆள் வைத்திருக்கும் சின்ன முதலாளிகளுக்கு 1 ஆகஸ்டு 2025 முதல் என்று எழுதியிருக்கிறீர்கள். சரிதான். ஆனால் மணிக் கணக்கு 8.17 ரிங்கிட் என்று இருக்கிறது. குறைந்தபட்சச் சம்பள ஆணையில் இருப்பது 8.72. அச்சுப் பிழை என்றுதான் முதலில் பட்டது, கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் பிழை பிறந்த இடம் தெரிந்தது. 1,700-ஐ 12-ஆல் பெருக்கி, 52 வாரத்தால் வகுத்து, அதை 48 மணியால் வகுத்தால் 8.17. 45-ஆல் வகுத்தால் 8.72. மாதம் 1,500 ரிங்கிட்டாக இருந்தபோது மணிக்கு 7.21 என்று வந்ததே, அது 48-ஆல் வகுத்த கணக்கு. அந்தப் பழைய வாய்பாட்டில் புதிய சம்பளத்தை மட்டும் போட்டிருக்கிறீர்கள். முன்னால் ஒரு பக்கத்தில் வாரம் 45 மணி என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, பின்னால் கணக்கு இன்னும் 48-லேயே ஓடுகிறது. மணிக்கு 55 சென் வித்தியாசம், வாரத்துக்கு 45 மணி வேலை என்றால் 24 ரிங்கிட் 75 சென். தோட்டத்து வீட்டில் அது சின்னக் காசு இல்லை.

அதைவிட எனக்குக் கோபம் வந்தது வேறொன்றில். செம்பனைக் (எண்ணெய்ப் பனைக்) குலை வெட்டுகிறவர்கள் பலருக்கு மணிக் கணக்கே கிடையாது, டன் கணக்குத்தான். துண்டு வேலை, எடை, ட்ரிப் என்று மட்டும் கூலி வாங்குபவருக்கும் மாதச் சம்பளம் 1,700-க்குக் குறையக்கூடாது என்று ஆணையில் தனியாகவே இருக்கிறது. பழைய பதிப்பில் அதற்கு இணையான வரி இருந்தது, அந்தக் காலத்துத் தொகையோடு. புதிய வரைவில் காணோம். நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்டது 1917-இல், இங்கே இருக்கும் தென்னமரம் தோட்டத்தில். அப்படிப்பட்ட ஊருக்கு வருகிற நூலில் குலை வெட்டுகிறவனுக்கான வரி போய், வளைவு நெளிவான வேலை நேரத்துக்கு இரண்டு பக்கம் வந்திருக்கிறது. பிரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், விடியுமுன் பெயர் கொடுக்கிறவன் ‘நான் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன்’ என்று எழுதிக் கேட்கப்போகிறானா?

அந்த இரண்டு பக்கமும் சட்டத்தைவிடத் தாராளம். ‘கேட்டால் முதலாளி கொடுத்தே ஆகவேண்டும்’ என்கிறீர்கள். சட்டம் சொல்வது, தொழிலாளி எழுத்தில் விண்ணப்பிக்கலாம், முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் எழுத வேண்டும், அவ்வளவுதான். தகப்பனுக்கான விடுப்பிலும் இதே தாராளம்: ‘குழந்தை பிறந்தால் எல்லா ஆணுக்கும் 7 நாள்’ என்று இருக்கிறது. திருமணமானவராக இருக்க வேண்டும், அதே முதலாளியிடம் 12 மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும், ஐந்து பிரசவம் வரைதான், 7 நாளும் தொடர்ச்சியாக, பிரசவத்துக்கு 30 நாளாவது முன்பு அல்லது குழந்தை பிறந்ததும் கூடிய சீக்கிரம் தகவல் சொல்ல வேண்டும். இந்த நிபந்தனைகளை வெட்டினால் வாக்கியம் அழகாகத்தான் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான பையன் அதை நம்பி வீட்டில் இருந்துவிட்டு, மாசக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பார்க்கும்போதுதான் தெரியும் அழகு. நல்லது செய்கிறோம் என்று நினைத்து சட்டத்துக்குக் கை கால் சேர்க்காதீர்கள். மலேசியாவின் சட்டம் 1 எது தெரியுமா, சட்டங்களைத் திருத்தி அச்சிடுவது பற்றிய 1968-ஆம் ஆண்டுச் சட்டம்தான். அதன்படி வேலை செய்கிற ஆணையருக்கே எண்ணை ஒழுங்குபடுத்துவது, எழுத்துப் பிழையை நீக்குவது போன்றவற்றுக்குத்தான் அதிகாரம், பொருளை மாற்ற அதிகாரம் கிடையாது. நமக்கு எங்கிருந்து வந்தது?

‘இந்தச் சட்டம் யாருக்கு’ என்ற முதல் அத்தியாயம் அப்படியே பழசு. மாதம் 2,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்கினால் பொருந்தாது என்று இருக்கிறது. இது எப்படித் தப்பியது என்று எனக்குப் புரிகிறது. ஏ1651-ஐ எத்தனை முறை புரட்டினாலும் அந்த வரம்பை எடுத்த வாசகம் அதில் இருக்காது, ஏனென்றால் அது அமைச்சர் தனியாக வெளியிட்ட ஆணையின் வழியாக, முதல் அட்டவணையில் செய்யப்பட்ட மாற்றம். இப்போது சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் சட்டம் பொருந்தும். 4,000-க்கு மேல் வாங்குபவருக்கு ஓவர்டைம், ஓய்வு நாள் வேலைக்கும் பொது விடுமுறை வேலைக்கும் கூடுதல் சம்பளம், பணிநீக்கப் பலன் போன்ற சில மட்டும் கிடையாது. லாரி ஓட்டுநர், மில்லில் வேலை செய்யும் டெக்னீஷியன் எல்லாம் 2,000-ஐத் தாண்டி எவ்வளவோ காலம் ஆகிறது, அவர்களை முதல் பக்கத்திலேயே வெளியே தள்ளிவிட்டீர்கள். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பக்கத்திலும் ஒரு 4,000 இருக்கிறது, அது தவறு: அங்கே சம்பள உச்சவரம்பு செப்டம்பர் 2022-இல் 5,000, அக்டோபர் 2024 முதல் 6,000. ஒரே எண் ஒரு பக்கத்தில் சரி, மறு பக்கத்தில் தவறு. இதையும் கணினியிடம் கொடுத்துவிடாதீர்கள்.

தேதி. 98 நாள் விடுப்பு 1.9.2022 முதல் நடப்பு என்று போட்டிருக்கிறீர்கள். அந்தக் காலத்துச் செய்தித்தாள் நறுக்கை வைத்து எழுதியது போலிருக்கிறது. மக்களவையில் அந்த மசோதா நிறைவேறியது மார்ச் 2022-இல், கெசட்டில் வந்தது மே மாதம், செப்டம்பர் 1 என்று அறிவித்ததும் உண்மை. ஆனால் ஆகஸ்டு கடைசியில் அதைத் தள்ளிப்போட்டு 1 ஜனவரி 2023 என்று ஆக்கினார்கள். 2022 அக்டோபரில் பிள்ளை பெற்ற அம்மா ஒருவர் உங்கள் பக்கத்தைக் காட்டிச் சண்டை போட்டால் தோற்றுத்தான் திரும்பி வருவார்.

தொழிலாளர் குடியிருப்புச் சட்டத்தின் (சட்டம் 446) பெயர் 1 ஜூன் 2020 முதல் மாறிவிட்டது, தோட்டத்துக்கு வெளியே இருக்கும் தொழிலாளர் விடுதிகளையும் அது இப்போது பிடிக்கும். உங்கள் நூலில் லயத்தோடு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளோடு, நிற்கிறது. அதைத் தனியாகப் பாருங்கள்.

இனி எப்படிச் சரிபார்ப்பது. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், பழைய வழி: ஒருவர் வாய்விட்டு வாசிக்க, இன்னொருவர் பேனாவோடு மூலத்தைப் பார்த்துக்கொண்டு போவது. செக்ரோலை அப்படித்தான் சரிபார்ப்போம். திருத்தச் சட்டத்தின் ஒவ்வொரு வாசகத்தையும் எடுத்து, அது நூலில் எந்தப் பக்கத்தில் வந்திருக்கிறது என்று குறியிடுங்கள். முடிந்ததும் திரும்ப எதிர்த் திசையில் வாருங்கள், நூலில் மாறியிருக்கும் ஒவ்வொரு வரிக்கும் எந்தச் சட்டம், எந்த ஆணை காரணம் என்று காட்ட முடிகிறதா பாருங்கள். காட்ட முடியாத மாற்றம் நீங்களாகச் செய்தது, அதை எடுத்துவிடுங்கள். உதாரணக் கணக்கு, அட்டவணை, பின்னால் இருக்கும் பொருளடைவு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், யாரும் பார்க்காத மூலையில்தான் பழைய எண் பதுங்கியிருக்கும்.

சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் மறுபதிப்புச் செய்யும் சட்ட நூல்களின் கடைசிப் பக்கங்களைப் பார்த்திருக்கிறீர்களா? எந்தத் திருத்தச் சட்டம், எந்தத் தேதி முதல் நடப்பு என்று ஒரு பட்டியல், எந்தப் பிரிவை எது திருத்தியது என்று இன்னொரு பட்டியல். இணையத்தில் அவர்கள் போடும் புதுப்பித்த பிரதியிலேயே, இது கெசட்டில் வந்த சட்டம் அல்ல, புதுப்பித்த வாசகம் மட்டும்தான் என்று எச்சரிக்கை இருக்கும். அவர்களே அவ்வளவு அடக்கமாக இருக்கும்போது நாம் அட்டையில் ‘முழுமையான’ என்று போடலாமா? அதை எடுத்துவிட்டு ‘இன்ன தேதி வரை சரிபார்க்கப்பட்டது’ என்று போடுங்கள், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் போட்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் வாட்ஸ்அப்பில் நூலாகவா போகிறது, பக்கம் பக்கமாகப் படம் பிடித்துத்தானே போகிறது.

பழைய விதிகளை ஒரேயடியாகத் துடைத்துவிடவும் வேண்டாம். முதலாளி சம்பளப் பதிவேட்டை 6 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டு ஓவர்டைம் பற்றி ஒருவர் இப்போது புகார் கொடுத்தால் அவருக்குப் பொருந்துவது அன்றைய 48 மணிதான். ‘31.12.2022 வரை இப்படி’ என்று சின்ன எழுத்தில் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இப்போதைக்கு நான் கேட்பது இதுதான். வாட்ஸ்அப்பில் சுற்றும் கோப்பை ‘பயன்படுத்த வேண்டாம்’ என்று நீங்களே அதே குழுக்களில் சொல்லுங்கள், நாங்கள் சொன்னால் பொறாமை என்பார்கள். 98ஏ, 45 மணி நேரத் தகவல், 8.17, 2,000 வரம்பு, இந்த நான்கையும் பெயர் சொல்லி மறுத்துவிடுங்கள், மீதியை மெல்லத் திருத்தலாம். அடுத்த வரைவை அச்செடுத்து அனுப்புங்கள், போன் திரையில் எனக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற கிராணிகள் இரண்டு மூன்று பேர் இங்கே சும்மாதான் இருக்கிறோம், ஒருவருக்கு மலாய் மூலம் தண்ணீர் பட்ட பாடு. சிவப்பு மையில் திருப்பி அனுப்புவோம், கோபித்துக்கொள்ளக் கூடாது. அச்சகத்துக்குத் தேதி கொடுத்துவிட்டோம் என்றால் அந்தத் தேதியைத் தள்ளுங்கள்.

இப்படிக்கு,
பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து ஒரு பழைய கிராணி